சிஞ்ஞோரா வேண்டாமென்று சொன்ன மலை

சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் இத்தாலிய அம்மாவின் சாப்பாட்டு மேசையில் தேன் நிறத்தில் மினுங்கும் ஒரு கல் கிடந்தது. கைக்குள் அடங்கும் அளவுதான். தூசி தட்டத் தூக்கிய முதல் நாளே அதன் பாரம் என்னைத் திடுக்கிட வைத்தது. துத்தநாகத் தாது என்றார். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னாலிருந்த அந்த வீட்டில், பார்வை மங்கிய அவரைப் பராமரிக்கத்தான் நான் சேர்ந்திருந்தேன். இளவயதில் மலைமலையாய்த் திரிந்து கனிமம் தேடியவர் அவர் என்பது அன்றுதான் தெரிந்தது.

கல் வந்த இடம் கிழக்கே ஒரு சுண்ணாம்பு மலை. ஆடு மேய்த்தவர்கள் பாரமான கற்களைக் கண்டு சொல்ல, யாரோ சிறு சுரங்கம் ஒன்று குடைந்து பாதியில் விட்டிருந்தார்கள். பிறகு ஒரு கம்பனி சிஞ்ஞோராவை அனுப்பியது. கோடை முழுவதும் துளையிட்டுப் பார்த்தார். மனிதர் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பு கடலடியாக இருந்த பாறை அது. அதன் வெடிப்புகளில் ஏறிய சூடான உப்புநீர் துத்தநாகத்தை விட்டுச் சென்றிருந்தது. ஆனால் அந்தப் படிவு கொஞ்சத் தூரத்திலேயே நூலாய் மெலிந்து மறைந்தது. தோண்டினால் கட்டாது, செலவுக்கே காணாது என்று சொன்னவர் அவர்தான். வேலை வருமென்று காத்திருந்த ஊர் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவரும் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசி வசந்தத்தில், போக வேண்டும் என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் என் கணவர் காரை எடுத்தார். சுரங்க வாயிலில் கதிரை போட்டு அவரை இருத்தினோம். என்னை உள்ளே போய், டோர்ச்சை அணைத்துவிட்டு, சுவரில் ஓடும் தேன்நிறப் பட்டையைக் கத்தியால் கீறிப் பார்க்கச் சொன்னார் சிஞ்ஞோரா.

“கல் கில் விழும், உள்ளை போகாதையும்,” என்றார் கணவர்.

“கொஞ்சத் தூரந்தான். உடனை வாறன்.”

இருட்டில் கீறினேன். கத்தி போன வழியெல்லாம் செம்மஞ்சள் ஒளி கோடாய் ஓடி அணைந்தது. நெருப்பில்லை, சூடில்லை. கூழ்முட்டை மணம் மட்டும் எழுந்தது. எங்கள் மன்னார்க் கடலில் இரவில் நீர் ஒளிர்வதைப் பார்த்திருக்கிறேன். கல்லும் ஒளிருமென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மறுபடி மறுபடி கீறினேன்.

வெளியே வந்ததும், தெரிந்ததா என்று கேட்டார் சிஞ்ஞோரா. எனக்கு இத்தாலியன் வாயில் வரவில்லை.

“ஓம்,” என்றேன் தமிழிலேயே.

அவருக்கு விளங்கியது. எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே கம்பனி கேட்டது, அதனால் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்றார். என் கையிலிருந்த கத்தியை வாங்கி முகர்ந்தார். வெகுநேரம் அதைத் திருப்பித் தரவில்லை.

அந்த மாரியில் அவர் போய்விட்டார். நான் இப்போது மொண்டெல்லோவில் வேறொரு வீட்டில் வேலை செய்கிறேன். மலை அப்படியே இருக்கிறது. ஒருவருக்கும் கட்டாது என்று அவர் சொன்னதால்தான் அந்த வெளிச்சம் இன்னும் அதற்குள் இருக்கிறது.