மைக்குக்கு வைத்த சந்தனம்

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்... ஈரச் சந்தன வாசனை வந்தால் உங்களுக்கெல்லாம் கோயில் ஞாபகம் வரும். எனக்கு என் தம்பி பாலுவின் டிரம்ஸ்தான் ஞாபகம் வருகிறது.

பாலு திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தான். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் விழா என்று இருபது வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவானைக்காவலில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். ஒருநாள் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது பார்த்தேன், இடது கை நடுங்குகிறது.

நரம்பு நோய் என்றார் டாக்டர். மாத்திரையால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாதாம்.

இத்தனை வருஷம் வாசித்தவனிடம் தன் வாசிப்பு என்று ஒரு ரெக்கார்டிங் கிடையாது. விழா வீடியோவில் எல்லாம் பாடுகிறவர்கள்தான் இருப்பார்கள். இவன் பின்னால் ஒரு தலை, அவ்வளவுதான்.

"கை இருக்கும்போதே ஒரு தடவை எடுத்து வெச்சிடணும்க்கா" என்றான்.

"ஸ்டூடியோவுக்குப் போயேண்டா."

"அங்க போனா கை பயந்துக்கும். நம்ம வீட்லயே எடுக்கலாம்."

அதே குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ரஃபி, பாலக்கரையிலிருந்து பைக்கில் லேப்டாப்பும் மூன்று மைக்கும் கொண்டுவந்தான்.

"மூணு போதுமா ரஃபி? மேடையில எட்டு, பத்து வைப்பாங்களே?"

"போதும்க்கா. கால்ல மிதிக்கிற பெரிய டிரம்முக்கு ஒண்ணு, முன்னாடி இருக்கிற சின்னதுக்கு ஒண்ணு. மேல தொங்கவிடுறோம் பாருங்க, அதுதான் மொத்தத்தையும் கேக்கும். அது நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும்."

ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்தோம். பெரிய டிரம்முக்குள் என் கல்யாண ஜமக்காளத்தைத் திணித்தார்கள். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தியாயிற்று. குக்கர் வைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கீரைக்காரம்மா கூவிவிடுவாளே என்று முன்னாலேயே போய்க் கூடைக் கீரையை மொத்தமாக வாங்கிவிட்டேன். மூன்று நாள் கீரை தின்றோம்...

சவுண்ட் எல்லாம் செக் செய்துவிட்டு, இரண்டு பேரும் இட்லி சாப்பிடக் கீழே போனார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். எங்கள் வீட்டில் தையல் மெஷினோ, கிரைண்டரோ, ஸ்கூட்டரோ, பொட்டு வைக்காமல் ஒன்றும் ஆரம்பித்ததில்லை. டிரம்முக்கெல்லாம் வைத்தேன். இரண்டு மைக்குக்கு ஸ்டாண்டில் வைத்தேன். மூன்றாவதை உயரம் மாற்றி மாட்டக் கழற்றியிருந்தார்கள், கட்டில் மேல் கிடந்தது. மொத்தத்தையும் கேட்கப்போவது இதுதானே என்று, அதன் தலையில் நிறையவே குழைத்து அப்பினேன். "ஜம்புகேஸ்வரா, அவன் கையைப் பாத்துக்கோ"...

கல்லில் இழைத்த சந்தனம். தண்ணீராக இருந்தது. மைக்கின் கம்பி வலைக்குள் இறங்கிவிடும் என்று எனக்கு என்ன தெரியும்?

ரஃபி மேலே வந்து பார்த்தான். "மைக்குக்கும் பொட்டாக்கா?"

"விடுடா, அக்கா அதுக்கு மொட்டை அடிக்காம விட்டுச்சே" என்றான் பாலு. சிரித்துக்கொண்டே ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட்டார்கள்.

பாலு வாசித்தான். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். என்னவென்று சொல்வது... இடது கையா அது! மழை மாதிரி ஆரம்பித்து, ரயில் மாதிரி போய், சட்டென்று நின்று, திரும்ப மெல்லத் தட்டி... பத்து நிமிஷம் இருக்கும். முடித்தபோது அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

அப்புறம் போட்டுக் கேட்டார்கள். தாளத்தட்டு ஒன்றுகூடக் கணீரென்று இல்லை. எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"என்னடா இது?" என்றான் பாலு.

ரஃபி தலை நிமிரவில்லை. "சந்தனம் உள்ள போயிருக்குண்ணே. மாட்டும்போதே தோணுச்சு. அக்கா சாமி கும்பிட்டு வெச்சது, நான் எப்படித் துடைக்கிறதுன்னு விட்டுட்டேன். ஹெட்ஃபோன்ல அடைப்பாத்தான் கேட்டுச்சு. நீங்க வாசிச்ச வாசிப்புக்கு நிறுத்தச் சொல்ல மனசு வரலை."

பாலு என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏன்க்கா மூஞ்சிய அப்படி வெச்சிக்கிற? துடைச்சிட்டு இன்னொரு தடவை அடிச்சா போச்சு."

அந்த மைக்கைத் துடைத்தும் தேறவில்லை. மற்ற இரண்டில் ஒன்றை மேலே கட்டினார்கள். அவன் உட்கார்ந்தான். இரண்டாவது நிமிஷத்தில் இடது கைக் குச்சி கீழே விழுந்தது. ரஃபி புதிதாகப் பதிவு போட்டான், பாலு மறுபடி ஆரம்பித்தான். மறுபடி விழுந்தது. குனிந்து எடுத்தவன், அதை மடியில் வைத்துக்கொண்டான்.

"போதும்டா ரஃபி."

அதோடு அவன் வாசிக்கவில்லை. நாலு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தான்.

இப்போது மாடியில் பேங்கில் வேலை பார்க்கிற தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள். டிரம்ஸ் செட்டை உறையூரில் ஒரு பெண் வாங்கிப்போனாள், நன்றாக வாசிக்கிறாளாம். இந்தக் காலத்தில் செல்போனை நீட்டினாலே எல்லாம் பளிச்சென்று பதிவாகிறது. பேத்தி தும்மினால்கூட என் போனில் இருக்கிறது. பாலுவின் நல்ல கை மட்டும் போர்வைக்குள் இருக்கிறது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பாலுவிடம் கேட்கவே இல்லை.

ரஃபி மூன்று பதிவையும் என் போனில் போட்டுக் கொடுத்தான். முதலாவதை மட்டும்தான் கேட்பேன். குச்சி விழுகிற சத்தத்தைக் கேட்கத் தைரியம் இல்லாமல் மற்றதைத் திறந்ததே இல்லை.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது... "போதும்டா" என்றதும் ரஃபி அப்படியே எழுந்து மத்தியானத் தொழுகைக்குப் போய்விட்டான். பாலு என்னைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, குச்சியை என் கையில் கொடுத்து, "நீ அடிக்கா, பாப்போம்" என்றான். நான் தாறுமாறாக அடித்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், ரொம்ப நேரம் சிரித்தான்.

லேப்டாப்பில், பதிவு ஓடும்போது எரிகிற அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது.