சிவப்பைத் தொடாத ஊசி

மண்ணரை என்னும் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நான் டீ கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில், ஞாயிறுதோறும் ஒருவர் வந்து பழைய போர் விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுவார். ஐம்பது வயதிருக்கும். வலது கை முழங்கை வரை வெந்து சுருங்கியிருக்கும். எதிரி விமானத்தைப் பார்க்கவே மாட்டார். இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பார். அது சிவப்பை நெருங்கினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார். பின்னால் வருகிறவன் சுட்டுவிடுவான்.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஒருநாள் மனசு கேட்காமல், “ஏனுங்க, கொஞ்சம் சூடானாலும் பரவாயில்லைன்னு ஓட்டியிருந்தா தப்பிச்சிருக்கலாமுங்களே?” என்றேன்.

“அப்படித்தானுங்க சாயப்பட்டறையில பாய்லர ஓட்டுனேன். ஷிப்மென்ட் அவசரம்னாங்க. ஊசி சிவப்புல நின்னுச்சு. ‘இன்னும் பத்து நிமிசந்தானுங்க மாமா’ன்னு சிரிச்சுட்டு பக்கத்துல நின்னான் எம் மச்சினன். அவன் போயிட்டானுங்க. நான் இருக்கறேன்.”

சொல்லிவிட்டு மறுபடி விமானத்தைக் கிளப்பினார். டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அது ஆடை கட்டி ஆறிப்போனது. அந்த முறையும் விமானம் சுடப்பட்டு விழுந்தது. ஊசி சிவப்பைத் தொட்டிருக்கவில்லை. அதில் அவருக்கு நிம்மதி ஏதும் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.