மாந்தோப்பில் எடுத்த படம்

ஷூ கம்பெனியில் மதியம் யாரோ பிரியாணிப் பொட்டலம் பிரிக்க, கத்திரிக்காய்த் தொக்கின் புளிப்பு வாசனை என்னை ஆம்பூர் ஓரத்து மாந்தோப்பில் கொண்டுபோய் விட்டது. தையில் பூ, பங்குனியில் பிஞ்சு, வைகாசியில் பழம் என்று பருவம் மாறும்போதெல்லாம் மாமா கேமராவோடு என்னை அங்கே கூட்டிப்போவார். படம் எடுத்து முடித்தால்தான் பிரியாணி.

“இன்னா பாப்பா, மூஞ்ச உம்முனு வெச்சிகினு கீற? சிரி, பல்லு கொட்டிடாது!”

நான் எட்டாவதோடு நின்ற வருஷம், தோப்பு வாசலில் என் சிரிப்பைப் பெரிய பேனராகக் கட்டியிருந்தார்கள்: ‘வீட்டுமனை விற்பனைக்கு.’ படத்தைக் கொடுத்தது மாமாதான்.

“உன் மூஞ்சி ராசிடி, ஒரே வாரத்துல எல்லா மனையும் பூட்ச்சு” என்றார்.

மரங்களை வெட்டிவிட்டார்கள். நான் சிரிக்காமல் நின்றிருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்களோ என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.