கட் சொன்னவள்

படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கத்தலாம். டீ எங்கே என்று கத்தலாம், குடை எங்கே என்று கத்தலாம், குறுக்கே வந்த நாயைத் துரத்தச் சொல்லிக் கத்தலாம். ‘கட்’ என்கிற ஒற்றைச் சொல் மட்டும் ஒரே ஒரு வாய்க்குச் சொந்தம். டைரக்டர் அதைச் சொல்கிறவரை அழுகிறவள் அழுதுகொண்டே இருக்க வேண்டும், ஓடுகிறவள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு ஆளாக நிற்கப் போன ஆனந்தவள்ளி அந்தச் சொல்லை எடுத்துச் சொல்லிவிட்டாள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இப்போதும் பலர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘கட்டக்கா’ என்கிறார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது.

ஆனந்தவள்ளி பிறந்தது வையம்பட்டிப் பக்கம். வெள்ளைச்சாமிக்கு வாக்கப்பட்டு ஸ்ரீரங்கம் வந்தாள். அவர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவர். இவள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தாள். அந்த மண்டபத்தில் ஒருநாள் கல்யாண சீன் எடுத்தார்கள். பந்தியில் ஆள் குறைந்தது. பின்கட்டிலிருந்து இவளைக் கையோடு கூட்டிவந்து இலை முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரே பாயசத்தைத் திரும்பத் திரும்பக் குடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் வாய் மாதிரியே ரசித்துக் குடித்தாள். ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. படங்களுக்குக் கூட்டம் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஜெயக்குமார் அன்றைக்கே அவள் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டான். கேமராவைப் பார்க்காத முகம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

அதன்பிறகு அவள் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனாள், தேர்தலில் கோஷம் போட்டாள், யார் யார் பிணத்துக்கோ மாரடித்தாள். குடிசை எரிகிற சீன் ஒன்றில் பக்கத்தில் நின்றவளின் முந்தானையில் நெருப்புப் பொறி விழுந்தது. ஆனந்தவள்ளி அதை உள்ளங்கையால் அமுக்கி அணைத்துவிட்டு ஒப்பாரியைத் தொடர்ந்தாள். ஷாட் முடிந்ததும் அழுகை ரொம்ப இயல்பாக இருந்தது என்று கைதட்டினார்கள். கை கொப்பளித்துப் போனதை யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொல்கிறவளை அடுத்த வேனில் ஏற்ற மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிடும்.

தொட்டியத்து வாழைத் தோப்பில் மழை சீன். நிஜ மழை கேமராவில் சரியாக விழாதாம். அதனால் டேங்கர் லாரியிலிருந்து குழாய் போட்டு வானத்தைப் பார்க்கப் பீய்ச்சினார்கள். மழைத் தாரை பளிச்சென்று தெரிவதற்குப் பின்னால் பெரிய பெரிய லைட்டுகள். ஜெனரேட்டர் வண்டி பாதையில் நின்றது. அங்கிருந்து வயர்கள் வாழைக்கு ஊடே சேற்றில் நெளிந்து போயின. கதாநாயகி வழுக்கி விழ வேண்டும், களை பறிக்கிற பெண்கள் ஓடிவந்து தூக்க வேண்டும். காலையிலேயே தூக்குகிற ஷாட்டை எடுத்து முடித்துவிட்டார்கள். சினிமாவில் தூக்கியபிறகுதான் ஓடிவருவார்கள்.

மதியம் ஓடிவருகிற ஷாட். கதாநாயகி விழுந்து கிடக்கிற இடத்தில் சேறு அதிகம் ஒட்டாமல் இருக்கப் பலகை போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வரப்பிலிருந்து இறங்கித் தேங்கிய தண்ணீரில் ஓட வேண்டும். ‘ஆக்‌ஷன்’ என்றதும் ஓடினார்கள்.

முதல் காலை வைத்ததும் ஆனந்தவள்ளிக்கு உள்ளங்காலில் சுருக்கென்றது. முள் என்று நினைத்தாள். அடுத்த அடி முழங்கால்வரை இழுத்தது. முள் அப்படி இழுக்காது. பக்கத்தில் ஓடிவந்த தன் தெருக்காரி ரங்கநாயகியைப் பார்த்தாள். அவள் முகம் கோணியிருந்தது. அதற்கப்பால் ஒருத்தி சுடுமணலில் நடப்பதுபோலத் துள்ளினாள். ஆனாலும் எல்லோரும் ஓடினார்கள். முன்னால் லைட் நிற்கிற பக்கம் தண்ணீர் இன்னும் ஆழம்.

“கட்” என்று ஆனந்தவள்ளி கத்தினாள்.

அந்தச் சொல்லின் மகிமையை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். யார் வாயிலிருந்து வந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கேமரா நின்றது. மழை நின்றது. மூர்ச்சையாகிக் கிடந்த கதாநாயகி எழுந்து உட்கார்ந்து கண்ணாடி கேட்டாள். பெண்கள் அப்படியே திரும்பி வரப்பில் ஏறிக்கொண்டார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் டைரக்டருக்குத் தான் வாயே திறக்கவில்லை என்பது உறைத்தது.

“யாரும்மா அது?”

“நான்தாங்க.”

“நீங்க யாரு?”

“கூட்டம்ங்க.”

யாரோ சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை.

“தண்ணியில கரன்ட் இருக்குங்க. கால்ல சுருக்குன்னு இழுக்குது” என்றாள்.

லைட் போடுகிறவர்களுக்குத் தலைவர் நஸ்ருல்லா. “என் கேபிள்ல ஒண்ணும் கிடையாது சார்” என்று உடனே சொன்னார். டைரக்டர் வரப்பில் நின்ற மற்ற பெண்களைப் பார்த்தார். “வேற யாருக்காவது அடிச்சுதா?”

டைரக்டருக்குப் பின்னால் நின்ற ஜெயக்குமார் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றான். பெண்கள் எல்லோரும் வாழைத்தாரை எண்ணுவதுபோல மேலே பார்த்தார்கள். ரங்கநாயகி மட்டும் வாயைத் திறந்தாள்.

“முள்ளா இருக்கும்ங்க.”

அதற்குள் மழை சீனைக் கெடுக்கிற வெயில் வந்துவிட்டது. டேங்கரிலும் தண்ணீர் தீர்ந்திருந்தது. அன்றைய வேலை முடிந்தது என்று பேக்கப் சொல்லிவிட்டார்கள்.

வேன் திரும்பியது. முசிறி தாண்டியும் ரங்கநாயகி கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“முள்ள எடுத்துட்டியா?” என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

“பேசாம வாங்கக்கா. நாளைக்கும் சோறு திங்கணும்.”

“திங்கறதுக்கு உசுரு வேணும்டி.”

மறுநாள் ஜெயக்குமார் வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அக்கா, கால்ல எல்லாம் விழ வேண்டாம். டைரக்டர்கிட்ட எல்லார் முன்னாடியும் ஒரு சாரி சொல்லிடுங்க. முடிஞ்சுது.”

“எதுக்கு சாரி?”

“கட் சொன்னதுக்கு.”

“சரி. கரன்ட்ட விட்டவன் யார்கிட்ட சாரி சொல்லுவான்?”

“இதான் உங்க வாய். படக் கம்பெனி மேனேஜர் கொதிச்சுப்போய் இருக்காரு. நீங்க சாரி சொல்லலன்னா மேலூர் ரோட்டுலேர்ந்து ஒரு ஆள்கூட எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. உங்களால இத்தன பேரு பொழப்பும் போகணுமா?”

வெள்ளைச்சாமி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “அவ மேல தப்பு இல்ல தம்பி. வீட்டுல அவ கட் சொன்னா நான் நிறுத்திடுவேன். அந்தப் பழக்கத்துல அங்கயும் சொல்லிட்டா.”

ஜெயக்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னது தெரு முழுக்கப் பரவியிருந்தது. சாயங்காலம் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். கெஞ்சினார்கள், ஒருத்தி கோபித்துக்கொண்டாள், ஒருத்தி அழுதாள். ரங்கநாயகி கடைசியாக நின்றாள்.

“ஒரு வார்த்ததானக்கா.”

“நீயும் ஒரு வார்த்ததான சொல்லியிருக்கணும்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் போனபிறகு ஆனந்தவள்ளிக்கு ஆங்காரம் தணிந்து வேறொன்று பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் அண்டாவைச் சாய்த்துவைத்துத் தேய்க்கும்போதெல்லாம் அதே நினைப்பு. நிஜமாகவே கரன்ட்தானா? ஒருத்திக்கு அடித்தால் முள், நாலு பேருக்கு அடித்தால்தான் கரன்ட்டா? குடிசை எரிந்தபோது வாயைத் திறக்காதவளுக்கு இப்போது மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது? தைரியம்தானா, வெறும் உயிர்ப்பயமா? உயிர்ப்பயம் என்றால் மட்டும் என்ன, அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? யோசிக்க யோசிக்க, சாரி என்கிற அந்தச் சின்ன வார்த்தை தொண்டைக்கு மேலே ஏறவே மாட்டேன் என்றது. சாரி சொன்னால் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று சொன்ன மாதிரி. அடுத்த தடவை அதே தண்ணீரில் அவளே இறங்கி ஓட வேண்டும்.

அப்போதுதான் மாதவன் போன் செய்தான். அவன் உதவி டைரக்டர், சின்னப் பையன்போல இருப்பான்.

“அக்கா, தொட்டியத்துல கட்டியிருந்த பச்சைப் புடவைய அலசிட்டீங்களா?”

“இல்லப்பா. அள்ளிப் போட்டு மூலையில கிடக்கு.”

“அலசிடாதீங்க. சேறு அப்படியே இருக்கணும். நாளைக்கு அதையே கட்டிட்டு வந்துடுங்க.”

“என்னைத்தான் வரக் கூடாதுன்னுட்டாங்களே.”

“யாருக்கா சொன்னது? ஹீரோயினோட தலைய மடியில வச்சுக்கிட்டு அழுததே நீங்கதான. அத எடுத்தாச்சு. ஓடிவர்றப்ப நீங்க இல்லன்னா எப்படி ஒட்டுறது? உங்களுக்காகத்தான் மறுபடி தொட்டியமே போறோம்.”

ஆனந்தவள்ளி போனை வைத்துவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளுடைய முகம் அவர்களிடம் மாட்டியிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்கள்தான் அந்த முகத்திடம் மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் சேறு காய்ந்து விறைத்த புடவையோடு அவள் வேனில் ஏறினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று ஜெயக்குமார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். தோப்பில் டைரக்டர் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினான். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

“சொல்லுங்கக்கா” என்று ஜெயக்குமார் காதோரம் சொன்னான்.

“சொல்றேன்” என்றாள். டைரக்டரைப் பார்த்தாள். “அன்னைக்கு நான் சொன்னது கட். இன்னைக்கும் தண்ணியில சுருக்குன்னா இன்னைக்கும் சொல்லுவேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“இவங்கள அனுப்பிடு” என்றார் மேனேஜர் ஜெயக்குமாரிடம்.

மாதவன் டைரக்டர் காதில் அந்த மடி ஷாட்டை ஞாபகப்படுத்தினான். டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வானம் மூடியிருந்தது. வெயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“சரிம்மா. என்ன செய்யணுங்கிறீங்க?”

“நீங்கதான் தண்ணியில ஒண்ணும் இல்லங்கிறீங்களே. லைட்டப் போட்டுட்டு உங்கள்ல ஒருத்தர் செருப்பக் கழட்டிட்டு இறங்கி நில்லுங்க. பின்னாடி நாங்க ஓடுறோம்.”

“இதெல்லாம் ஒரு விஷயமா” என்று மேனேஜர் குனிந்தார். ஷூ கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். வெறுங்காலை வரப்பில் வைத்தவர் அங்கேயே நின்றார். தண்ணீரைப் பார்த்தார்.

“நஸ்ருல்லா, எதுக்கும் ஒருவாட்டி அந்த ஜாயின்ட்டெல்லாம் பாத்துடுங்க” என்றார்.

இத்தனை நாளும் ‘ஒன்றும் கிடையாது’ என்றிருந்த ஆட்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். ஜெனரேட்டரை அணைத்தார்கள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு வயரை உருவினார்கள். அதில் சுற்றியிருந்த டேப் தோல் உரிந்த பாம்பு மாதிரி தொங்கியது. நஸ்ருல்லா அதை யாருக்கும் காட்டாமல் சுருட்டி வண்டியில் எறிந்துவிட்டு வேறு வயர் இழுத்தார். வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கழிகளைக் கேட்டு வாங்கி நட்டு, அதன்மேல் வயரைத் தூக்கிக் கட்டினார்கள். ஜெனரேட்டர் மறுபடி உறுமியது. லைட்டுகள் எரிந்தன.

ஜெயக்குமார் பல்லைக் கடித்தான். “இந்தப் படத்தோட உன் சோலி முடிஞ்சுது. இனிமே ஒருத்தன் கூப்பிட மாட்டான்.”

“முடியட்டும். உன் நம்பர நான் அழிக்கறனா, என் நம்பர நீ அழிக்கறியா?”

மாதவன் பெண்களைப் பார்த்து, “இறங்குங்கக்கா, ரெடி” என்றான். ஒருத்தியும் அசையவில்லை. ரங்கநாயகி முந்தானையைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு வரப்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் உட்கார்ந்தாள்.

மேனேஜர் இன்னொரு ஷூவையும் கழற்றி, பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு கையால் வாழை மட்டையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் மூச்சை அடக்கி நின்றார். பிறகு முகம் தெளிந்தது.

“ஒண்ணும் இல்லம்மா. வாங்க.”

ஆனந்தவள்ளி வரப்பைவிட்டு இறங்கவில்லை.

“அங்க ஓரத்துல இல்லீங்க” என்றாள். “நாங்க ஓடுற எடத்துக்குப் போங்க. இன்னும் உள்ள. லைட்டுப் பக்கம்.”