மருந்து மடி

உட்கார முடியாத இடத்தில் கட்டி வந்தால் அதை ஆபீஸில் யாரிடம் சொல்வது? எங்கள் ஆபீஸ் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில். அங்கே மீட்டிங் அறையில் நான் மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்வது உடம்புக்குக் கெடுதல் என்று எங்கோ படித்ததாக ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பி இன்னும் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். அவர்கள் ஆசைப்பட்டு நிற்கிறார்கள், நான் தலையெழுத்தே என்று நிற்கிறேன்.

ஒரு கட்டி பழுத்து, உடைந்து, ஆறும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் தொடையில் இன்னொன்று. அப்புறம் அக்குளில். பழைய கோட்டைக்குள் இருக்கிற எங்கள் தெருவில் இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் உண்டு, சூடு. அம்மா நீர்மோர் கொடுத்தாள். மாம்பழத்தை நிறுத்தினாள். கல்லில் சந்தனம் இழைத்துக் கிண்ணத்தில் வழித்து, எட்டின இடத்துக்கெல்லாம் தன் விரலாலேயே தடவிவிட்டாள். பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, உடைத்தும் வந்தாள். கட்டி அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். ஒரு நாள் அம்மா என் பழைய வேட்டிகளை மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தேன். பிறந்த குழந்தைக்கு உடனே புதுத் துணி போடுவதில்லை. தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவசனம் ஆகிறவரைக்கும் அப்பாவின் நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வேட்டிகளில் கட்டி உடைந்த கறை, துவைத்தும் போகாமல், மஞ்சளாக நின்றது. இதிலா என் குழந்தையைப் போடப்போகிறார்கள்? இந்தச் சனியன் என்னை விட்டுப் போகாமல் குழந்தையைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தோல் டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. சூடு என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். சர்க்கரை இல்லை, கிருமிதான் என்று தெரிந்தது. கட்டி ஆறினாலும் அந்தக் கிருமி தோலில் இருக்குமாம், மூக்குத் துவாரத்தில் குடியிருக்குமாம். துண்டு, சவர பிளேடு, படுக்கை விரிப்பு என்று வீட்டுக்குள்ளேயே சுற்றி வருமாம். கட்டியே வராதவர்கள் மூக்கில்கூட இருக்கலாமாம். அதனால் வீட்டிலிருக்கும் எல்லோரும் ஒரே சமயத்தில் மூக்கில் களிம்பு வைக்க வேண்டும், மருந்து சோப்பால் குளிக்க வேண்டும், துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு எதெல்லாம் ஆகும் என்பதை அவளுடைய டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். ஒருத்தர் விட்டாலும் திரும்ப வர வாய்ப்பிருக்கிறது என்று அழுத்திச் சொன்னார்.

வீட்டில் இருந்ததே மூன்று பேர். அதில் ஒருத்தி அம்மா.

அம்மாவுக்கு ஜன்மத்தில் கட்டி வந்ததில்லை. வராத வியாதிக்கு மருந்தா என்று கேட்டாள். பூஜைக்கு முன்னால் மூக்கில் எதையோ அப்பிக்கொள்வதாவது, பூஜைக்கென்றே உடுத்தும் மடிப் புடவையை மெஷினில் போடுவதாவது? அதைத் தானே அலசி, வேறு யார் கையும் படாமல், கோலால் தூக்கி உயரக் கொடியில் போடுகிறவள் அவள். நான் கத்தினேன். அவள் பேச்சை நிறுத்தினாள். அவள் பேசாமல் இருந்து தோற்றதாக எங்கள் குடும்பத்தில் சரித்திரமே இல்லை. சரி, அவள் இல்லாமலே ஆகட்டும் என்று நானும் மனைவியும் மட்டும் டாக்டர் சொன்னபடி செய்தோம்.

கொஞ்ச நாள் நிம்மதியாக உட்கார்ந்தேன். அப்புறம் கட்டி மனைவியின் இடுப்பில் வந்தது.

அங்கே வேர்க்குரு அரிக்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அம்மா அந்தச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, காய்ந்து கிடந்ததில் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவியிருக்கிறாள். அதே கிண்ணம், அதே விரல். பிரியத்தில் செய்த காரியம்தான். வயிற்றுக்கு இத்தனை பக்கத்தில் சிவந்து வீங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. அவளை உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா உள்ளே கோலும் கையுமாக ஈரப்புடவையோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். புடவை நுனி நழுவியது. பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாதேடா, மடி" என்றாள்.

நீட்டின கை அப்படியே நின்றது. ஒருவர் துணியில் இன்னொருவர் கை படாமல் இருப்பது எப்படி என்று இந்த ஊரில் இவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? இவளிடம் போய்க் கிருமி கிருமி என்று கத்திக்கொண்டிருந்தேனே.

"அம்மா, டாக்டர் சொன்னதும் ஒரு மடிதான்" என்றேன். "என் துண்டை நீ தொடப்படாது, உன் துண்டை நான் தொடப்படாது. கட்டியைத் தொட்ட கையை சோப்புப் போட்டு அலம்பாம இன்னொருத்தர் மேல வைக்கப்படாது. கொழந்தை வரதுக்குள்ள மூணு பேரும் சேர்ந்து மருந்து மடி. மூக்குல வைக்கறதும் அதுல சேர்த்தி."

கோலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "இதை மொதல்லயே இப்படிச் சொல்றதுக்கென்ன?" என்றாள்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு நாய் படாது. ஆளுக்கொரு தோர்த்துத் துண்டு, அதை மாட்ட ஆளுக்கொரு ஆணி. ஞாபக மறதியாக மனைவியின் தோர்த்தில் நான் கை துடைத்த அன்று, அது நேரே கொதிக்கிற தவலைக்குள் போயிற்று. ஆபீஸிலிருந்து வந்ததும் கை அலம்பினேனா என்று அம்மா கேட்டுவிட்டுத்தான் காபி. நகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். சந்தனம் ஸ்வாமிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. மூக்குக் களிம்பு பூஜைக்கு முந்தியா பிந்தியா என்று சாஸ்திரிகளிடம் கேட்டாளாம். அவர் யோசித்துப் பார்த்து, மருந்துக்குத் தோஷமில்லை என்று சொல்லிவிட்டாராம். மெஷினுக்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. மடிப் புடவையைத் தானே சுடுதண்ணீரில் முக்கி, மழை விட்ட பொழுதெல்லாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மனைவிக்கு வந்தது ஆறிற்று. அடுத்தது வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆனாலும் விடவில்லை, அம்மாவும் சரி, நானும் சரி.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரி அறையில் நர்ஸ் கொண்டுவந்து அம்மாவிடம்தான் கொடுத்தாள். அம்மா கொண்டுவந்திருந்த பையில் என் வேட்டித் துண்டுகள் இருந்தன. கறை பட்ட பாகத்தையெல்லாம் கத்தரித்து எறிந்துவிட்டு, மீதியைக் கொதிக்கவைத்து, வெயிலில் போட்டு, இஸ்திரி செய்து கொண்டுவந்திருந்தாள். அதில் சுற்றினாள். நான் கையை நீட்டினேன்.

அலம்பினாயா என்று கேட்டாள். அலம்பியிருந்தேன். அப்போதும் தரவில்லை. மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலைக் கண்ணால் காட்டினாள்.

"மொதல்ல உக்காந்து காட்டு" என்றாள்.

மனைவி வலியோடு சிரித்தாள். நான் அந்த வெறும் இரும்பில், முழுப் பாரத்தோடு, அழுந்த உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து குழந்தையை என் மடியில் விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை.