நாற்பத்தொன்றாம் செங்கல்

என் நாட்குறிப்பு நோட்டுகள் சரியாமலிருக்க அலமாரியின் இடப்பக்கம் ஒரு செங்கல் நிற்கிறது. அதன் முதுகில் நான் சாக்பீஸால் எழுதிய 41 இன்னும் மங்கலாகத் தெரிகிறது. வலப்பக்கம் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் கடைசி நோட்டுகள் பல ஆண்டுகள் சாய்ந்தே கிடந்தன. இடப்பக்கத்துச் செங்கல் ஒரு படப்பிடிப்பில் என் சித்தி கையோடு எடுத்துப் போனது.

சென்னையிலிருந்து வந்த இயக்குநர் ஒருவர், அகரம் பக்கத்துக் கண்மாய்க் கதையைப் படமாக்க விரும்பினார். கரை உடைந்துகொண்டே இருந்ததாம். மடைச் சுவருக்குள் ஒரு சிறுமியை நிறுத்திக் கட்டிய பிறகே நின்றதாம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் அந்தக் கதையை ஏழு பேரிடம் கேட்டு, யார், எந்தத் தேதியில், எப்படிச் சொன்னார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், விடுப்புப் போடச் சொல்லி என்னையே கண்டினியூட்டி பார்க்க வைத்துவிட்டார். ஒரு காட்சியைத் திரும்ப எடுத்தால் முன்பு இருந்தபடியே எல்லாம் இருக்கிறதா என்று குறித்துவைக்கும் வேலை. செங்கற்களுக்கு எண் போட்டது அதற்காகத்தான்.

சிறுமியின் தாயாக நடிக்க ஒரு முகம் தேடினார்கள். நான் சித்தியைக் காட்டினேன். தாடிக்கொம்பில் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா வழியில் அந்தச் சிறுமிதான் அவர்கள் வீட்டுத் தெய்வம். தை அமாவாசைக்குச் சின்னப் பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிடுவார்கள். அதையெல்லாம் நோட்டில் எழுதியிருந்தேன். அவர்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருப்பதை எழுதவில்லை. பள்ளி நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். அடுப்புப் புகை போக விட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டதே இல்லை.

இயக்குநரின் படங்களில் ஒருவர் கரையில் நடக்கத் தொடங்கினால், அவர் கண்ணுக்கு மறையும்வரை கேமரா காத்திருக்கும். சித்திக்கு அது பெரிய வேடிக்கை. “ஏலே, நடன்னாக, நில்லுன்னாக, இப்ப வானத்தப் பாருன்னாக. இம்புட்டு நேரத்துல பள்ளிக்கூடத்துக்கே சோறு வடிச்சு, வெஞ்சனமும் வச்சிருப்பேன்” என்பார். ஆனால் நில் என்றால் அப்படி நிற்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இயக்குநர் வசனங்களை ஒவ்வொன்றாக அடித்து நீக்கினார்.

கடைசிக் காட்சிக்கு முந்தின நாள் சித்தி என்னிடம் கேட்டார்: “அப்பு, செவுத்துல கடேசிக் கல்லையும் வச்சு மூடிருவாகளா?”

“படம்தான சித்தி” என்றேன். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. மடைக்கு உள்ளே இருட்டில் கேமரா, வெளியே கொத்தனார். கல் ஏற ஏற வெளிச்சம் குறைந்து, கடைசி இடைவெளியில் தாயின் முகம் மட்டும் தெரிய வேண்டும். பிறகு முழு இருட்டு. நாற்பது கற்கள் ஏறின. கொத்தனார் நாற்பத்தொன்றைத் தூக்கியபோது சித்தி அவர் கையிலிருந்து அதை வாங்கினார். முந்தானையில் சுற்றிக்கொண்டு கரைமேல் நடந்துபோனார். யாரும் ‘கட்’ சொல்லவில்லை.

பின்னாலேயே ஓடிய இயக்குநர், “அம்மா, கதையே அப்படித்தானே? இன்னொரு தடவை எடுத்துடலாம்” என்றார்.

“கதை ஒங்களுக்குத் தம்பி. எங்களுக்கு அவ எங்க வீட்டுப் புள்ள.” குரல் உயரவில்லை. “ஒருக்கா மூடுனது போதாதா? படம் போடுற எடத்துலல்லாம் மூடுவீகளா?”

எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொல்லைச் சுவரைக் காட்டினார். அந்த வம்சத்தில் யார் வீடு கட்டினாலும் ஒரு கல்லை வைக்காமல் விடுவார்களாம், அவள் மூச்சு விட்டுக்கொள்ள. இயக்குநர் குனிந்து அந்த ஓட்டையில் கண்ணை வைத்தார். நிமிர்ந்தவர், இன்னொரு தடவை எடுக்க வேண்டாம் என்று கேமராவை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். ஏழு பேரிடம் கேட்டு எழுதிய என்னைச் சித்தி ஏறிட்டுப் பார்த்தார். “நீயுந்தான் இங்கன உக்காந்து தின்ன” என்று மட்டும் சொல்லி, செங்கல்லை என் கையில் வைத்தார். அன்றைய பக்கத்தில் ‘காட்சி முடிந்தது’ என்று மட்டும் எழுத முடிந்தது.

படம் அன்று எடுத்தபடியே, மடைச் சுவரில் மூடாமல் விட்ட ஓட்டையோடுதான் முடிகிறது. கறுப்புத் திரையில் செங்கல் அளவு வெளிச்சம். அதற்குள் ஒரு பெண் சின்னதாகிக்கொண்டே போகிறாள். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டபோது, பின்வரிசையில் ஒருவர், “என்னப்பா, மிசினு நின்னுபோச்சா?” என்று கேட்டார். சித்தியும் சிரித்தார். வெளிச்சம் அணையும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சித்தி இப்போது இல்லை. போன மாதம் அவர் மகன் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியபோது போயிருந்தேன். கொல்லைப் பக்கம் ஏசி வைக்கும் அறை. “ஓட்டைய விட்டா குளிரெல்லாம் போயிருமே சார்” என்று கொத்தனார் அலுத்துக்கொண்டார். சித்தி மகன் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. மூடிவிடுவான் என்றே நினைத்தேன். அவன், “குளிரு போனாப் போகுது, ஓட்டைய விடுங்க” என்றான். பிறகு என்னிடம், “படத்துல அம்மா எடுத்துட்டுப் போச்சுல்லண்ணே” என்று சொல்லி, அங்கே வைக்காமல் மிஞ்சிய கல்லை என்னிடம் கொடுத்தான்.

அது இப்போது அலமாரியின் வலப்பக்கம் நிற்கிறது. எண் எதுவும் போடவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, தேதியிட்டு, அந்த ஓட்டை எதற்கு என்று எழுதினேன். கதை சொன்ன ஏழு பேருக்குக் கீழே எட்டாவதாகச் சித்தியையும் சேர்த்தேன்.