மையில் எழுதிய சீட்டு

கீழக்கரை பஸ் நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போதே கண்டக்டர் படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "சார், உங்க தவளை வாத்தியாரு காலைல மௌத்தாயிட்டாரு." அதே பஸ்ஸில் ஏறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். கனி சார் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கனி சாரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. விலங்கியல் வாத்தியார். மழை பெய்தால் மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருணி ஊருணியாக அலைவார். நான் டிராயிங் வாத்தியார். என் கையெழுத்தைப் பற்றி எனக்கிருந்த கர்வமும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஓர் ஐப்பசிக் காலையில், திருப்புல்லாணி தாண்டி சேதுக்கரைப் பாதையில் இருக்கும் ஊருணிக் கரையில், விழுந்து கிடந்த பனைக்கு அடியிலிருந்து அந்தத் தவளையை எடுத்தார். உருண்டை உடம்பு, கரிய முதுகில் செங்கல் நிறப் பட்டைகள். விரல் நுனியை லென்ஸ் வைத்துப் பார்ப்பதும் புத்தகத்தைப் புரட்டுவதுமாக மூன்று நாள் சோறு தண்ணி மறந்தார். "சார், இது இலங்கையிலதான் இருக்குன்னு எழுதியிருக்கு. நம்ம சீமையில இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல" என்று லென்ஸை என் கையில் திணித்தார்.

பட்டணத்து மியூசியத்துக்கு அனுப்ப வேண்டும். இடமும் தேதியும் எழுதிய சீட்டை, தவளையைப் போட்ட ஸ்பிரிட் பாட்டிலுக்குள்ளேயே போடுவது வழக்கம். "என் எழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்கும். நீங்க எழுதிப் போட்டு அனுப்பிருங்க. பென்சில்ல எழுதுங்க சார், ஸ்பிரிட்ல மை நிக்காது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். பட்டணத்துக்குப் போகிற சீட்டைப் பென்சிலில் எழுதுவதாவது! பேனாவை எடுத்து முத்து முத்தாக எழுதினேன்.

பாட்டில் திரும்பி வந்தது. மை கரைந்து ஸ்பிரிட் நீலமாக இருந்தது, சீட்டு வெள்ளையாக இருந்தது. எங்கே பிடித்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை, இலங்கையிலிருந்து வந்த யாராவது கொடுத்ததாகவும் இருக்கலாம், வேறொன்று அனுப்பவும் என்று கூடவே கடிதம். "இதுகூடவா தெரியாது ஓய்?" என்று தலைமையாசிரியர் கனி சாரை எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பாமல், "நாந்தான் எழுதுனேன். மறந்துட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். அவருக்கு 'மை வாத்தியார்' என்று பெயரும் வைத்தீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அங்கே போனார். ஒன்றும் அகப்படவில்லை. பெரிய புயலில் கடல் ஏறி ஊருணியே உப்பாகிப் போனது. போன மழைக்கு நானும் கூடப் போனேன். ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "கரிக்குது சார். இனி அது எங்கன வரும்? வாங்க, போவோம்." சீட்டைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

எழுதியவன் நான். அவர் இருக்கும்போது சொல்லாத பாவி, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவர் தம்பி அந்தப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். "ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லி அண்ணன் சொல்லுச்சு." நிறமெல்லாம் வெளுத்த தவளை என் மேசைமேல் இருக்கிறது. நேற்று இடம், தேதி, பிடித்தவர் பெயர் மூன்றையும் பென்சிலில் எழுதி உள்ளே போட்டேன். எழுத்து நிற்கிறது. அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளத்தான் இனி யாரும் இல்லை.